குருவிமலைச் சாலையில் இறக்கம் தீர்ந்துபோன கதை

குருவிமலைச் சாலையில் இறக்கம் தீர்ந்துபோனது ஒரு திங்கட்கிழமை காலையில். மலையுச்சியில் இருக்கும் மேக்காட்டிலிருந்து அடிவாரத்து வேட்டாம்பாளையத்துக்குக் கிளம்பிய முதல் பேருந்தின் ஓட்டுநர், பல வருடப் பழக்கத்தில், முதல் வளைவு திரும்பியதும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வெற்றிலையை மடித்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, இனி மலை பார்த்துக்கொள்ளும் என்று சாய்ந்து உட்கார்ந்தார். பேருந்து நாலு முழம் போனது, நின்றது, யோசித்தது, யோசித்து முடித்துப் பின்பக்கமாக உருளத் தொடங்கியது. ஓட்டுநர் வெற்றிலையைத் துப்பினார். முதல் கியரைப் போட்டு, உறுமி, முக்கி, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏறி, ஏறி அடிவாரம் வந்து சேர்ந்தபோது ரேடியேட்டரிலிருந்து இட்லிப் பானையைப் போல ஆவி வந்துகொண்டிருந்தது. நடத்துநர் பேருந்து நிலையத்து டீக்கடைக்குப் போய், "எறக்கம் தீந்துபோச்சுங்க" என்றார், வீட்டில் கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்கிற அதே குரலில். டீக்கடைக்காரர், "அட, மறுக்கா எப்ப வருமாம்?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரை தூக்கலாக அவருக்கு ஒரு டீ போட்டார்.

கீழே இருக்கிற ஊருக்கு எப்படி ஏறிப் போக முடியும் என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை. மேலே போனால் ஏற்றம், கீழே வந்தாலும் ஏற்றம், அவ்வளவுதான். சாலை அளக்கிற பொறியாளர் ஒருவர் வந்து, நீர்மட்டக் குழாயைத் தார்மேல் வைத்துப் பார்த்து, அதை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்து, ஒரு இளநீர் குடித்து, சாலையின் இரண்டு முனையிலும் 'செங்குத்தான ஏற்றம்' என்று முனைக்கொரு பலகை நடச் சொல்லிவிட்டுப் போனார். பலகையில் மஞ்சள் பெயின்ட் காய்வதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது.

எங்கள் ஊர் எதற்கும் பழகிவிடும், அது எங்கள் ஊரின் பெருமையும் கேடும். பேருந்து இரண்டு பக்கமும் மூச்சுவாங்கி நிற்க வேண்டியிருந்ததால் வளைவுக்கு வளைவு டீக்கடை முளைத்தது. பிரேக் கட்டை மாற்றித் தரும் பட்டறைக்காரர்கள், வேலை போய் உட்கார்ந்திருந்தவர்கள், ஒரே வாரத்தில் வாழைக்காய் பஜ்ஜி போடக் கற்றுக்கொண்டு முன்னைவிடக் கொழுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களைப் பிள்ளைகள் மலைக்கு நடக்க அனுப்பிவைத்தார்கள். மேக்காட்டில் குடித்துவிட்டுச் சாலையோடு சறுக்கிக்கொண்டே வீடு வந்து சேரும் கிடா வியாபாரி ஒருவர், வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும் என்றானதும் குடியையே விட்டார். அவர் மனைவி இறக்கத்தைத் தின்ற தெய்வம் எதுவோ அதற்குப் பொங்கல் வைத்தாள். மாசித் திருவிழாவில் மலையிலிருந்து கீழே இறங்கிவரும் அம்மன், அந்த வருடம் ஏறிவந்தாள். பல்லக்குத் தூக்கிகள் வளைவுக்கு வளைவு அவளை இறக்கிவைத்துவிட்டுப் பஜ்ஜி தின்றதில், காலையில் வர வேண்டியவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள், எண்ணெய் வாசனையோடு. மேக்காட்டுக்காரர்கள் எங்களை 'கீழத்தியார்' என்று சொல்வதை நிறுத்தினார்கள், அதில் எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஊரெல்லாம் இப்படிப் பழகிக்கொண்டிருந்தபோது, பழகாமல் இருந்தது ஒரே ஒரு ஆள். முட்டை வியாபாரி அத்தியப்பனின் மனைவி தெய்வானை. அவர்களுடைய ஒரே மகள் பூங்கோதையை மேக்காட்டு மிளகுத் தோட்டத்துக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பூங்கோதைக்கு இப்போது எட்டு முடிந்து ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் மகளைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். பூங்கோதையின் மாமியார் வெள்ளையம்மாளோ மிளகை வெயிலில் காயவைப்பது போலச் சாங்கியங்களையும் ஒவ்வொன்றாகக் காயவைத்துப் பத்திரப்படுத்துகிறவர். அவர் வீட்டுச் சாங்கியம் ஒன்று உண்டு. நிறைமாதக்காரி மேடு ஏறக் கூடாது. நடந்தும் கூடாது, வண்டியிலும் கூடாது. இதுவரை அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை, ஏனென்றால் அந்த வீட்டு மருமகள்களின் தாய்வீடுகள் எல்லாம் இறக்கத்தில்தான் இருந்தன.

இந்த இடத்தில் அத்தியப்பனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சொன்னால் சிரிப்பு வரும், பரவாயில்லை.

அத்தியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தொப்பைக்கும் கிட்டத்தட்ட அதே வயது. நல்ல மனுஷர், ஆனால் வாழ்நாளெல்லாம் முட்டையோடு புழங்கியதால் எதையும் அதிராமல் அழுத்தாமல் தொட்டுப் பழகியவர். ஓடியதில்லை, குதித்ததில்லை, வீட்டில் குரல் உயர்த்தியதில்லை. பிரான்சு தேசத்தில் வருடா வருடம் பெரிய சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கிறதல்லவா, நாள்கணக்கில் மலையும் வயலுமாக ஓட்டுவார்களே, அதன் துண்டுப் படங்களைப் பல் டாக்டர் சுகவனம் ஊர்ப் பெரிய மனிதர்களின் செல்போனுக்கு அனுப்பத் தொடங்கியதுதான் ஆரம்பம். எல்லாம் அரை நிமிஷப் படங்கள். மலைச்சரிவில் மின்னலாக இறங்குகிறார்கள், வளைவில் சாய்கிறார்கள், காற்று சட்டையைப் பிடுங்குகிறது, அத்தோடு படம் முடிந்துவிடும். வேறு சில படங்களில் கார்கள் வரிசையாக மலை ஏறின, ஒவ்வொரு காரின் கூரைமேலும் ஐந்தாறு சைக்கிள்கள் நிமிர்ந்து நின்றன. எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். சைக்கிளைக் காரில் ஏற்றி மலைக்கு மேலே கொண்டுபோவது, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு இறங்குவது. பந்தயத்தின் முறை அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

இப்படியாக 'டூர் டி குருவிமலை' பிறந்தது. ஞாயிறு தவறாமல் விலையுயர்ந்த சைக்கிள்களெல்லாம் அத்தியப்பனின் முட்டை வேனில் படுத்துக்கொண்டு மலை ஏறின, ஓட்டுநர் குழந்தைவேலு பக்குவமாக வளைவு வளைவாகத் திருப்பினான், பெரிய மனிதர்கள் உச்சியில் இறங்கி, தலைக்கவசம் மாட்டி, தொடையில் தட்டிக்கொண்டு, ஒரே பாய்ச்சலாக அடிவாரத்துக்கு வந்தார்கள். எடை கூடியவர் வேகமாக இறங்குவது இயற்கை. ஆகவே வாராவாரம் அத்தியப்பன்தான் முதல். பிரான்சில் மலை ராஜாவுக்குத் தருகிற, வெள்ளையில் சிவப்புப் பொட்டு வைத்த பனியனைத் திருப்பூரில் சொல்லித் தைத்து அவருக்கே போர்த்தினார்கள். சுவரில் முட்டிவிடாமல் நடந்தே வாழ்க்கையைக் கழித்த அந்த மனுஷருக்கு, காதில் காற்று ஊளையிட, கண்ணில் தண்ணீர் வழிய, யானைக்குட்டியாகத் தான் பறந்து வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் உலகத்திலேயே பெரிய சந்தோஷமாகிப் போனது. வீட்டுக்கு வந்ததும் தெய்வானை கேட்பார், "ஏனுங்க, மேல ஏறுறது ரொம்பச் சிரமமுங்களா?" அத்தியப்பன் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பழகிப்போச்சு" என்பார். வேனைப் பற்றி முதல் வாரம் சொல்ல மறந்தது, இரண்டாம் வாரம் சொல்லக் கூச்சம், மூன்றாம் வாரம் முதல் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. தெய்வானை பொட்டுப் பனியனை வாங்கித் துவைத்துக் காயப்போடுவார். இறக்கம் தீர்ந்துபோகிறவரை இரண்டு வருடமாக இது நடந்தது.

கட்டுச்சோற்று நாள் வந்தது. தெய்வானை ஏழு வகைச் சோறு கட்டினார், அத்தியப்பன் சம்பந்தி வீட்டுக்கு ஒரு அட்டை நாட்டுக்கோழி முட்டை எடுத்துக்கொண்டார், முட்டை வேனிலேயே மேக்காடு போனார்கள். பூங்கோதை அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே சொன்னாள், "அம்மா, எனக்கு உங்க கையால அரிசிம்பருப்பு சாதம் வேணும். இங்க பண்றாங்க, எல்லாத்துலயும் மிளகு. பாயசத்துல கூட மிளகு வாசம் வருது." வளையல் அடுக்கினார்கள், சோறு பரிமாறினார்கள், எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். கை கழுவியதும் தெய்வானை, "அப்ப நாங்க புள்ளையக் கூட்டிட்டுக் கெளம்பறமுங்க, சம்பந்தியம்மா" என்றார்.

வெள்ளையம்மாள் முட்டை அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போனார், எல்லோரும் பின்னால் போனார்கள். வேட்டாம்பாளையத்தைப் பார்த்த திசையில் முட்டையைத் தார்மேல் படுக்கவைத்துக் கையை எடுத்தார். முட்டை சற்று ஆடியது; பிறகு அடிவாரத்துக்கு முதுகு காட்டி, மெதுவாக உருண்டு வந்து வெள்ளையம்மாளின் கால் கட்டைவிரலில் முட்டிப் படுத்துக்கொண்டது.

"பாத்துக்குங்க. எறக்கத்துல கூட்டிட்டுப் போறதுன்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க. ஏத்தத்துல என்ற மருமவள அனுப்ப மாட்டன்."

"பொறகு எறக்கத்துக்கு நான் எங்கீங்க போறது?" என்றார் தெய்வானை.

"அத உங்க வூட்டுக்காரருகிட்டக் கேளுங்க." வெள்ளையம்மாள் முட்டையை எடுத்து முந்தானையில் துடைத்தார். "வாசல்ல மொளகு காயவெச்சு உக்காந்தா நானு எல்லாத்தையும்தான் பாக்கறன். பஸ்ஸு ஏறுது, பஸ்ஸு எறங்குது. ஆடு ஏறுது, ஆடு எறங்குது. இவிய சைக்கிளு மட்டும் வேனுல படுத்துட்டு வருது, ராசாவாட்டம் எறங்குது. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. ஏறாமயே எறங்கிட்டிருந்தா எறக்கம் எத்தன நாளைக்குத் தாங்கும்? தீராம என்ன பண்ணும்?"

அதைக் கேட்டதும் அங்கிருந்த எல்லோருக்கும் அது சரி என்று பட்டுவிட்டது. அத்தியப்பனுக்கும் பட்டது, அதுதான் கஷ்டம். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார், குழந்தைவேலு தன் வேனைப் பார்த்தான், வேனுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. தெய்வானை சோற்றுத் தூக்குகளை ஒவ்வொன்றாக மூடினார். மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தவர், இருபத்திரண்டு வளைவும் ஏறி வீடு வந்து சேரும்வரை காலித் தூக்குகளை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். வீட்டு நிலைப்படியில் நின்றுதான் திரும்பினார்.

"எனக்கு எம் புள்ள வரோணும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று சாயங்காலமே பல் டாக்டரின் மருத்துவமனையில் சைக்கிள்காரர்கள் கூடினார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒருவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, சுகவனம் சுவரில் இருந்த பெரிய டிவியில் அந்தப் பிரெஞ்சுப் பந்தயத்தின் மலை நாள் ஒன்றை முதல்முறையாக முழுதாக ஓடவிட்டார். எல்லோரும் பார்த்தார்கள். எலும்பும் தோலுமான மனிதர்கள் நாக்கைத் தள்ளிக்கொண்டு ஏறினார்கள். வாயோரம் எச்சில் காய்ந்து ஒட்டியிருக்க ஏறினார்கள், சாலையோரத்து ஜனங்கள் தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஏறினார்கள், ஒருவன் அழுதுகொண்டே ஏறினான், ஏறி முடிப்பதற்குள் இங்கே இரண்டு தடவை டீ வந்துபோனது. கடைசியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் மெல்லக் கேட்டார், "அப்ப அந்தக் கார் கூரை மேல இருக்கற சைக்கிளெல்லாம்?"

"அது ஸ்பேருங்க," என்றார் டாக்டர்.

அத்தியப்பன் எழுந்தார். உட்காரும்போது சத்தம் போடாத அந்த நோயாளி நாற்காலி அவர் எழுந்தபோது பெரிதாக ஒரு சத்தம் போட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம நான் ஏறப்போறேன். மிதிச்சு. எம் புள்ள கீழ வரோணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஊரே சாலையோரத்தில் இருந்தது. பிரான்சில் எப்படியோ, எங்கள் ஊரில் சும்மா நின்று வேடிக்கை பார்க்க ஆட்களுக்குத் தெரியாது. தப்பட்டைக்காரர்கள் வந்திருந்தார்கள், பேரன்பேத்திகளோடு சாப்பாடு கட்டிக்கொண்டு குடும்பங்கள் வந்திருந்தன, திருவிழாவில் புலிவேஷம் போடுகிறவர் யாரும் கேட்காமலேயே வாலோடு வந்திருந்தார். தெய்வானை மட்டும் முதல் பேருந்திலேயே மேக்காட்டுக்குப் போய்விட்டார். இறக்கம் வந்தால் பக்கத்தில் இருக்க வேண்டும், வராவிட்டாலும் மகளின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று. சைக்கிள்காரர்கள் மொத்தப் பேரும் வரிசை கட்டி நின்றார்கள், தேங்காய் உடைந்தது, மிதித்தார்கள். முதல் வளைவில் ஜவுளிக்கடைக்காரருக்கு வீட்டில் இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் வந்தது நினைவுக்கு வந்துவிட்டது. நாலாவது வளைவில் பட்டறைக்காரரின் முழங்கால் அவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. மற்றவர்களும் ஒரு கடைக்கு ஒருவராகப் பஜ்ஜி வாசனையில் கழன்றார்கள். பதினாலாவது வளைவுவரை டாக்டர் சுகவனம் கூட வந்தார், அங்கே கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தவர், "நீங்க போங்க, நான் பின்னாலயே வந்தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

அத்தியப்பன் ஏறினார். பறந்து பறந்து மட்டுமே பார்த்திருந்த சாலையை இப்போது ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு ஏறினார். மூச்சு எங்கெங்கோ போய்ச் சுற்றிவிட்டு வந்தது, தொடை தன்னுடையதா என்று சந்தேகம் வந்தது, தொப்பை கைப்பிடிமேல் சாய்ந்து தானும் சவாரி செய்தது. விழுந்தார், எழுந்தார், முட்டியில் மண் அப்பிக்கொண்டு ஏறினார். வெள்ளைப் பனியனும் சிவப்புப் பொட்டுமாக வேர்த்து வழிந்து வருகிறவரைப் பார்த்ததும் பெண்களுக்கு அம்மன் நினைவு வந்து, குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் தலையில் ஊற்றினார்கள். பின்னாலிருந்து தள்ளிவிடப் போன இளந்தாரிகளைப் புலி அதட்டி விரட்டியது: "கைய வெக்காதீங்கடா! அப்புறம் மலை கணக்குல எடுத்துக்காது!" புலி அவரோடு மூன்று வளைவு ஓடி, வாயில் நுரை தள்ளி, ஒரு கடையில் உட்கார்ந்து வாலைப் பிழிந்துகொண்டது.

அதற்கு மேலே பனி. பனிக்குள் சத்தமெல்லாம் கீழேயே நின்றுவிட்டது. அத்தியப்பன் காலை ஊன்றி நின்றார், நின்றவர் நின்றபடியே நடுங்கினார். பின்னாலேயே காலி வேனை ஊர்ந்து ஓட்டிவந்த குழந்தைவேலு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுக்கு முதலாளிமேல் உயிர்.

"மொதலாளி," என்றான் கிசுகிசுப்பாக. "ஒருத்தரும் பாக்கலீங்க. நாலே வளைவு. சைக்கிளத் தூக்கி உள்ள போட்டுடறேன், கடைசி வளைவுல எறக்கி உட்டர்றேன். சத்தியமா வெளிய சொல்ல மாட்டேனுங்க."

அத்தியப்பன் வேன் கதவின்மேல் கையை வைத்தார். இதமாக, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளேயிருந்து டீசலும் முட்டை அட்டையும் கலந்த, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளின் வாசனை வந்தது. கையை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவருக்கு ஆசை வரவில்லை என்று சொல்ல மாட்டேன், எங்களில் யாராக இருந்தாலும் ஏறி உட்கார்ந்திருப்போம். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"நீ முன்னால போயி நில்லு, கொழந்த," என்றார். "உன்ற வேனு பக்கத்துல இருந்தா எனக்குக் கஷ்டமா இருக்குது."

அவர் மேக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். சாலை நடுவிலேயே சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார், எழுந்திருக்கவில்லை. வெள்ளையம்மாள் முட்டையோடு தயாராக இருந்தார். அடிவாரத்தைப் பார்த்துத் தார்மேல் வைத்தார், கையை எடுத்தார். முட்டை ஆடியது. தெய்வானை மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். முட்டை மறுபடி ஒருமுறை ஆடி, ஒருக்களித்து, வெட்கப்படுகிற பெண்போல மெதுவாக வேட்டாம்பாளையத்தைப் பார்த்து உருண்டது. உருண்டு, வேகமெடுத்து, முதல் வளைவில் திரும்பி மறைந்தேபோனது.

கூட்டம் ஓவென்று கத்தியது. நின்றிருந்த பேருந்தின் ஓட்டுநர் ஒரே தாவலில் இருக்கையில் ஏறினார், பலாப்பழ லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார், பெட்டி படுக்கையோடு பாதி மேக்காடு சாலைக்கு ஓடிவந்தது. வெள்ளையம்மாள் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"நில்லுங்க எல்லாரும்! ஒருத்தரு ஏறுனா ஒரு எறக்கந்தான். அது ஏறுனவருக்குச் சொந்தம். அவராப் பாத்து யாருக்குக் குடுக்கறாரோ அவியளுக்கு."

எல்லோரும் படுத்திருந்தவரைப் பார்த்தார்கள். அத்தியப்பன் தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்தார். அவருடைய இறக்கம். முதன்முதலாக மிதித்துச் சம்பாதித்தது, வாழையிலைபோல வழவழவென்று வளைந்து கீழே போனது. காற்று இப்போதே அவர் காதருகே வந்து கூப்பிட்டது. இனி ஒரு தடவை மிதிக்கச் சொன்னாலும் கால் பெயர்ந்துவிடும். உட்கார்ந்தால் போதும், வீடு.

"எம் புள்ளைய வேன்ல ஏத்துங்க," என்றார்.

பூங்கோதையை ஏற்றினார்கள், தெய்வானை பக்கத்தில் உட்கார்ந்தார், வெள்ளையம்மாள் ஒரு பொட்டலம் மிளகை மடியில் வைத்துக் கட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேரப்புள்ளையோட வா சாமி" என்றார். குழந்தைவேலு சாவியைத் தொடவே இல்லை, நியூட்ரலில் விட்டுப் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாகப் பூங்கோதை கேட்டாள், "அப்பா, நீங்க எப்படி வருவீங்க?"

"நீ முன்னால போ கண்ணு. நான் பொறத்தாண்டியே வந்தர்றேன்."

வேன் சத்தமே இல்லாமல் நழுவியது. ஒரு குலுங்கல் இல்லை, ஒரு உறுமல் இல்லை, நிறைமாதக்காரி தொட்டிலில் போவது போலப் போனாள். வேன் கடந்த இடமெல்லாம் இறக்கம் அதன் பின்னாலேயே பாயைச் சுருட்டுவது போலச் சுருண்டுகொண்டு போயிற்று. அது வளைவில் மறைந்தபோது அத்தியப்பனுக்கு முன்னால் சாலை பழையபடி நிமிர்ந்து நின்றது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள்காரர்கள் ஞாயிறு தவறாமல் முனகிக்கொண்டே மிதித்து ஏறினார்கள், ஏற ஏற இறக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவந்தது, முதலில் ஆட்டுக்கு, பிறகு பேருந்துக்கு, பிறகு பலாப்பழத்துக்கு. அடுத்த மாசியில் அம்மன் காலையிலேயே இறங்கிவந்தாள், பஜ்ஜிக்கடைகளைப் பார்த்துக் கொஞ்சம் ஏங்கினாள் என்று பல்லக்குத் தூக்கிகள் சொன்னார்கள். இன்றைக்கும் நீங்கள் மேக்காட்டிலிருந்து இறங்கிவந்தால், கீழிருந்து பதினாலாவது வளைவில் மட்டும் வண்டி திணறி நிற்கும், இரண்டாவது கியர் போட வேண்டியிருக்கும். அது டாக்டர் சுகவனத்தின் பங்கு. அவர் இன்னும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தியப்பன் சைக்கிளை நிமிர்த்தினார், ஏறி உட்கார்ந்தார், வீட்டைப் பார்த்து மிதித்தார். காலையில் கத்தியவர்கள் எல்லோரும் களைத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள்; புலி ஒன்றுதான் கடை வாசலில் உட்கார்ந்து இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தது, அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றது. இருபத்திரண்டு வளைவையும் இரண்டாம் முறையாக ஏறி, ஏறி, ஏறி, தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு அவர் தன் வீட்டு வாசலில் வந்து விழுந்தார்.

உள்ளேயிருந்து அரிசிம்பருப்பு சாதத்தின் வாசனை வந்தது. பூங்கோதை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தெய்வானை ஒரு சொம்பு மோரைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கிறவரை நின்று, உடம்போடு ஒட்டிக்கிடந்த பொட்டுப் பனியனைக் குழந்தைக்குக் கழற்றுவது போலத் தலைவழியாக உரித்து எடுத்தார். எடுத்தவர் அதை முகத்தருகே கொண்டுபோனார்.

"இப்பத்தான் பனியன் பனியனாட்டம் நாறுது," என்றார். "இத்தன நாளா டீசலும் முட்டை அட்டையும்தான் வாசம் அடிச்சுது."

அத்தியப்பனுக்கு மோர் புரையேறியது. "உனக்குத் தெரியுமா?"

"தொவைக்கறவளுக்குத் தெரியாதுங்களா? மொத வாரமே தெரியும்."

"பொறகு ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

தெய்வானை அவர் உச்சந்தலையில் தட்டிவிட்டார். "வாசல்ல வந்து எறங்கறப்ப உங்க மூஞ்சி பச்சப்புள்ளையாட்டம் இருக்கும்," என்றார். "கண்ணாலம் ஆனதுலருந்து அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. அதக் கேட்டுக் கெடுக்கோணுமான்னு உட்டுட்டேன்."

அத்தியப்பன் அழுதுவிட்டார், வெளிப்படையாகவே, மோர் மீசையோடு. தெய்வானை துவைக்கிற கல் பக்கம் போகவில்லை. கூடத்துக்குப் போய், மகளின் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்து ஆணியில் அந்தப் பனியனை அப்படியே, மஞ்சள் தண்ணீரும் மண்ணும் வேர்வையுமாக, சொட்டச் சொட்ட மாட்டினார்.